கணவாய் கடந்த கும்பினி – பகுதி 11: ஏணிக்கு எட்டாத கோட்டை

1768-இல் கர்னல் ஸ்மித் நெடுநாள் வளைத்திருந்து வாங்கிய கிருஷ்ணகிரியையும், அதே ஆண்டின் இறுதியில் ஓசூரைக் காக்க ஓடிய கர்னல் வுட் தன் பெரும் பீரங்கிகளைப் பாகலூரில் பறிகொடுத்த அவமானத்தையும், மறு ஆண்டு ஹைதர் அலி சென்னையின் வாசலிலேயே வந்து நின்று எழுதி வாங்கிய சமாதானத்தினால் இந்தச் சீமை முழுதும் மைசூருக்கே திரும்பிப் போனதையும் முந்தைய பகுதிகளில் பார்த்தோம்.

1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் எல்லை மதிலைத் தாக்க, நிஜாமையும் மராட்டியரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் மூன்றாவது மைசூர் யுத்தத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியவர் ஜெனரல் மெடோஸ். மாதக்கணக்கில் அவர் செய்ததெல்லாம் திப்புவின் பின்னால் நடந்ததுதான். 1790 நவம்பரில் கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த பாராமகால் சீமையில் இரு சைனியங்களுக்கு நடுவே அகப்பட்டுவிட்டார் என்று நினைத்திருந்த சுல்தான், தொப்பூர்க் கணவாய் வழியே தெற்கே நழுவிப் போனதோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

டிசம்பர் நடுவில் சென்னைத் துறையில் ஒரு கப்பல் நங்கூரம் பாய்ச்சியது. அதிலிருந்து இறங்கியவர் கவர்னர் ஜெனரலாகவும் தளகர்த்தராகவும் இரட்டை அதிகாரம் பெற்றிருந்த கார்ன்வாலிஸ் பிரபு.

● ● ●

இந்தப் பெயரை அமெரிக்கச் சரித்திரம் படித்தவர்கள் வேறோர் இடத்தில் சந்தித்திருப்பார்கள்.

1781 அக்டோபர் 19-ஆம் தேதி, வர்ஜீனியா நாட்டில் யார்க்டவுன் என்னும் சிற்றூரில், முன்னே வாஷிங்டனின் படையும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையும் வளைத்திருக்க, பின்னே கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் வழியடைத்திருக்க, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் ஆயுதங்களைக் கீழே வைத்துச் சரணடைந்த ஆங்கிலத் தளபதி இவரேதான். அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கூடாரத்திலேயே தங்கிவிட்டு, வாளை ஒப்படைக்கத் தமக்கு அடுத்த அதிகாரியான ஓஹாராவை அனுப்பினார். அந்த ஒரு நாளோடு பதின்மூன்று காலனிகளும் பிரிட்டனின் கையை விட்டுப் போயின என்று சொல்லலாம்.

தோற்ற தளபதியை ஒதுக்கிவைப்பதுதான் உலக வழக்கம். பிரிட்டன் அவ்வாறு செய்யவில்லை. 1786-இல் அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பி, ஆலோசனை சபையின் பேச்சை மீறி முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கையில் கொடுத்தது. மேற்கே ஒரு சாம்ராஜ்யம் சிதறியபோது, கிழக்கே மற்றொன்றைக் கட்டுவதற்கு வேண்டிய மனிதர்களும் மனமும் அந்தச் சிதறலிலிருந்தே புறப்பட்டன என்பது இந்தத் தொடரை எழுத எழுத எனக்கு மேலும் மேலும் உறுதியாகிவரும் எண்ணம். அதற்கு இரண்டாவது சாட்சியாக வரும் ஓர் இளைஞரை இந்தப் பகுதியின் முடிவில் காண்போம்.

இங்கே ஒரு சிறு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. யார்க்டவுன் வெற்றிக்கு அடுத்த ஏப்ரலில் டெலவேர் வளைகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலைப் பிடித்துப் புகழ்பெற்ற ஓர் அமெரிக்கக் கப்பல் உண்டு. பென்சில்வேனியா அரசாங்கத்துக்குச் சொந்தமான அந்தக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. கும்பினியின் தேயிலையைப் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய ஜனங்கள், அதே கும்பினியைக் கர்நாடகச் சமவெளியில் கலங்கடித்துக்கொண்டிருந்த மைசூர் அரசரைத் தம்மைச் சேர்ந்தவராகவே எண்ணியிருக்கிறார்கள். பாகலூரில் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போனவரின் பெயர் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கப்பலின் பின்புறத்தில் எழுதப்பட்டிருந்ததென்றால், அன்றைய உலகம் நாம் நினைப்பதைவிடச் சிறியதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

● ● ●

இனி கார்ன்வாலிஸின் படையெடுப்பு.

அவர் முதலில் செய்தது ஓர் ஏமாற்று. 1791 பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட சைனியம் ஆம்பூரை நோக்கி நகர்வதுபோல் பாவனை காட்டியது. ஆம்பூர் வழி என்றால் பாராமகால். பாராமகால் என்றால் கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, அப்பால் ஓசூர் என்று மேட்டுநிலத்துக்கு ஏறும் பழைய பாதை. திப்பு அதை நம்பி அந்தக் கணவாய்களைக் காத்திருக்க, கார்ன்வாலிஸ் சட்டென்று வடக்கே திரும்பிச் சித்தூர் வழியாக முகிலிக் கணவாயில் ஏறி, எதிர்ப்பார் யாருமின்றி மைசூர் மேட்டில் நின்றுவிட்டார். மார்ச் 21-ஆம் தேதி இரவு பெங்களூர்க் கோட்டை விழுந்தது.

ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலை இருந்தது. பாராமகாலை அவர் ஜெயிக்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் போனார். பெங்களூரில் அவர் இருக்க, சென்னையிலிருந்து நெல்லும் பணமும் ஏறிவர வேண்டிய நேர்வழியெல்லாம் திப்புவின் கொடிகள் மலைக்கு மலை பறந்துகொண்டிருந்தன.

மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போனார். 15-ஆம் தேதி அரகெரேயில் வெற்றியும் கிடைத்தது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது, பீரங்கி இழுக்கும் மாடுகள் நோய் கண்டு ஆயிரக்கணக்கில் மடிந்தன, சோறு குறைந்தது, சைனியத்தின் பின்னால் வந்த ஏழை எளியவர்கள் செத்த மாட்டின் இறைச்சியை அறுத்துத் தின்றார்கள் என்று உடனிருந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தலைநகரின் மதில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டு, முற்றுகைக்கென்று பெங்களூரிலிருந்து இழுத்து வந்த பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே வெடிவைத்துச் சிதைத்துவிட்டுக் கார்ன்வாலிஸ் திரும்பி நடந்தார்.

திரும்பும் வழியில் சற்று தூரம் போவதற்குள் எதிரே ஒரு பெரும் குதிரைப்படை தோன்றிற்று. எதிரி என்று நினைத்துத் துப்பாக்கியை எடுத்தவர்களுக்கு, வந்தவர்கள் நண்பர்களான மராட்டியர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் அனுப்பிய செய்தி ஒன்றுகூட வந்து சேராதபடி திப்புவின் ஆட்கள் வழிமறித்திருந்தார்கள். மராட்டியரின் பாசறைக் கடைவீதியில் வேண்டிய தானியம் இருந்தது. விலைதான் நெருப்பாக இருந்தது. அந்தக் கூட்டாளிகள் போதாக்குறைக்குக் கடனும் கேட்டார்கள். சீனத்துக்குத் தேயிலை வாங்கப் போகவிருந்த கும்பினிக் கப்பல்களின் வெள்ளியை இறக்கி, ரூபாயாக அடித்து, 12 லட்சம் கொடுக்க ஏற்பாடாயிற்று.

யார்க்டவுனில் முதுகுக்குப் பின்னால் கடல் அடைபட்டது. இங்கே முதுகுக்குப் பின்னால் மலை அடைபட்டிருந்தது. இந்த ஒப்புமை அவர் மனத்தில் ஓடியதா என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. அவர் அடுத்துச் செய்த காரியத்தைத்தான் பார்க்கலாம். மீண்டும் தலைநகர் மேல் படையெடுப்பதற்கு முன், ஓசூர்ப் பாதையைத் திறக்க முடிவு செய்தார்.

● ● ●

பூகோளத்தை ஒரு நிமிஷம் கவனிக்க வேண்டும். ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி மேலே, மைசூர் மேட்டின் விளிம்பில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறக்குறைய அதில் பாதி உயரத்தில், கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு படிக்கட்டு. சிப்காட்டுக்கு இரும்புத் தகடு ஏற்றிவரும் லாரிகள் சூளகிரிக்கு இப்பால் கியர் மாற்றி முனகுகிற மேடும், சேலம் ரயில் ராயக்கோட்டை வழியாக வளைந்து வளைந்து இறங்குகிற சரிவும் அந்தப் படிக்கட்டின் இரு பக்கங்கள். ஜூஜூவாடி எல்லையில் நாள்தோறும் நெரியும் வண்டிக்கூட்டத்தைப் பார்த்து அலுத்துக்கொள்பவர்கள், இந்த வழிக்காக மனிதர்கள் பீரங்கி கொண்டு அடித்துக்கொண்ட காலமும் உண்டு என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஜூலை நடுவில் ஆங்கிலப் படை ஓசூரை நெருங்கியது. திப்பு அந்தக் கோட்டையைப் புதுப்பித்து வலுப்படுத்திக்கொண்டிருந்தார். ஹாமில்டன் என்ற ஆங்கிலக் கைதியின் கையால் அந்த வேலை நடந்ததென்றும், படை வருகிற செய்தி கேட்டதும் அவரும் உடனிருந்த வேறிரு கைதிகளும் கொல்லப்பட்டார்களென்றும் அக்கால நூல்கள் கூறுகின்றன. தன் நாட்டார் ஏறமுடியாதபடி மதிலை உயர்த்திக்கொண்டிருந்த ஒரு மனிதன், அந்த நாட்டார் வருவதற்குச் சற்று முன் அந்த மதிலுக்குள்ளேயே உயிர்விட்டான். வேலை முடியாததால் கோட்டையைக் காக்க முடியாதென்று கண்ட காவற்படை, தானியத்தையும் வெடிமருந்தையும் விட்டுவிட்டு வெளியேறியது. ஓசூரில் சண்டையே நடக்கவில்லை.

ராயக்கோட்டையில் நடந்தது. மேஜர் கௌடி ஜூலை 20-ஆம் தேதி கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். மேல்கோட்டையோ செங்குத்தான பாறை. உள்ளே உணவும் தண்ணீரும் இருந்தன. கோட்டைத் தலைவரான கில்லேதார் மனம் வைத்திருந்தால் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்திருக்கலாம். இரண்டே நாளில் அவர் சரணடைந்தார். சுற்றியிருந்த சிறு துருக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் திறந்தன.

ஆகஸ்ட் 10-ஆம் தேதி, திறந்த அந்தப் பாதையின் பலன் கண்ணுக்கு முன் வந்து நின்றது. ஆம்பூரிலிருந்து கணவாயேறி வந்தது ஒரு சரக்குத் தொடர். முன்னே 100 யானைகள், இரண்டிரண்டாக, சிப்பாய்களின் அணிவகுப்பைப்போல ஒழுங்காக நடந்து வந்தன. அவற்றின் முதுகில் இருந்ததெல்லாம் பணம். பின்னே அரிசி சுமந்த 6,000 பொதிமாடுகள்; அதன் பின்னே சாராயம் ஏற்றிய 100 வண்டிகள்; கடைசியில் தலைச்சுமையோடு பல நூறு கூலிகள். போர்க்களக் காட்சிகளை விரித்து விரித்து எழுதுகிற ஆங்கில ஆசிரியர்கள், இந்தச் சாரியைக் கண்டு கொண்ட வியப்பை எந்த வெற்றியைக் கண்டும் கொள்ளவில்லை.

அவர்கள் வியந்தது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. மைசூரின் விதி ஸ்ரீரங்கப்பட்டண மதிலில் நிர்ணயமானது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். நான் அந்த நிர்ணயத்தை ராயக்கோட்டை மேட்டில் அந்த மாடுகள் ஏறிவந்த ஆகஸ்ட் பகலில் வைப்பேன்.

இந்த மாட்டுப் பொதிகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒற்றர்களைச் சேர்த்து, லம்பாடி வியாபாரிகளிடம் பேசித் தானியப் பொதிகளைச் சைனியத்துக்குத் திருப்பிவிட்ட காப்டன் அலெக்சாண்டர் ரீட். இந்தப் பெயரையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

● ● ●

வழி திறந்தது, ஆனால் முழுதும் திறக்கவில்லை. ராயக்கோட்டைக்குக் கீழே, பாராமகாலின் நடுவில், கிருஷ்ணகிரி இன்னும் திப்புவின் கையிலேயே இருந்தது.

இன்று அந்த மலையைச் சையத் பாஷா மலை என்கிறார்கள். கீழே பழையபேட்டையில் நின்று அண்ணாந்து பார்த்தால், மொட்டைப் பாறை ஒன்று ஊரின்மேல் சாய்ந்து நிற்பதுபோல் இருக்கும். ஏறுகிறவன் கைவைக்க ஒரு புதர்கூட இல்லாத வழவழப்பான சரிவு. அதன்மேல் சுற்றுச்சுற்றாக மதில். ஏறிப் போனால் பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரும் வெடிமருந்து வைத்த கட்டடமும் இப்போதும் காணக் கிடைக்கும். ஜகதேவராயர் காலத்திலிருந்து இது இந்தச் சீமையின் தலைக்கோட்டை. 1767-இல் நேரே தாக்கிய ஆங்கிலேயர் தோற்றார்கள். மறு ஆண்டு பசியினால்தான் இது வசப்பட்டது.

1791 அக்டோபரில் திப்புவின் ஒரு சிறு படை மறுபடியும் பாராமகாலில் புகுந்து சரக்குச் சாரிகளுக்குத் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. அதைத் துரத்த கர்னல் மாக்ஸ்வெல் அனுப்பப்பட்டார். அவர் அந்த மாதக் கடைசி நாளில் பென்னாகரம் கோட்டையை ஏணிவைத்து ஏறிப் பிடித்தார். அந்த வேகத்தோடு கிருஷ்ணகிரிக்கு வந்தார்.

நவம்பர் 7. ஐப்பசி வளர்பிறை முற்றிவரும் இரவு.

பேட்டையின் சுவரையும் கீழ்க்கோட்டையையும் மாக்ஸ்வெல்லின் ஆட்கள் ஏணிவைத்து ஏறிக் கடந்தார்கள். காவலர்கள் மேல்கோட்டையை நோக்கி ஓடினார்கள். துரத்தியவர்கள் எவ்வளவு நெருங்கிவிட்டார்களென்றால், மேல்வாசலின் படிகளிலேயே மைசூர்க் கொடி ஒன்று ஆங்கிலேயர் கையில் சிக்கியது. இன்னும் நாலெட்டு எடுத்து வைத்திருந்தால் ஓடுகிறவர்களும் துரத்துகிறவர்களும் ஒரே கும்பலாக உள்ளே புகுந்திருப்பார்கள்.

கதவு சாத்தப்பட்டது.

ஏணிகள் அந்தச் செங்குத்துப் பாதையில் பின்தங்கியிருந்தன. அவை வந்து சேர்வதற்குள் மேலே ஓடியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மதிலின்மேல் நிலைகொண்டார்கள். அதன்பின் இரண்டு மணி நேரம் நடந்ததைச் சண்டை என்று சொல்வது பொருந்துமா என்று தெரியவில்லை. ஏணி சாத்தப்படும், மேலேயிருந்து ஒரு பாறை உருண்டு வரும், ஏணியும் அதில் இருந்தவர்களும் கீழே நின்றவர்களும் சேர்ந்து நசுங்குவார்கள். மறுபடியும் ஏணி; மறுபடியும் பாறை. வெண்பாறையில் பட்டுத் தெறித்த நிலவொளியில் ஏறுகிற ஒவ்வொருவனும் மேலே இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தான். துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் பழகிய ஐரோப்பியப் படை, உலகத்தின் மிகப் பழைய ஆயுதமாகிய கல்லுக்கு அன்று பதில் சொல்ல முடியாமல் நின்றது.

ஏணிகள் முறிந்தன, ஆட்கள் குறைந்தார்கள், மாக்ஸ்வெல் திரும்ப உத்தரவிட்டார். அந்த யுத்தத்தில் கிருஷ்ணகிரி மேல்கோட்டை கடைசிவரை எவராலும் பிடிக்கப்படவே இல்லை.

மதிலின்மேல் நின்று கல்லை உருட்டியவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை. தாக்கிய பக்கத்தில் இறந்த அதிகாரிகளின் பெயர்கள் படைப்பிரிவுச் சரித்திரங்களில் அச்சாகியிருக்கின்றன. காத்தவர்களின் பெயரை எழுத எவரும் இருக்கவில்லை. வென்ற கோட்டையின் கணக்கு இப்படித்தான் முடிகிறது.

● ● ●

அந்த வெற்றி நான்கே மாதத்தில் ஒன்றுமில்லாமற் போயிற்று.

நந்திதுர்க்கமும் சாவன்துர்க்கமும் விழுந்தபின், 1792 பிப்ரவரி 6-ஆம் தேதி இரவு கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வெளியரண்களை உடைத்தார். இந்த முறை அவருக்குப் பின்னால் ஓசூர்ப் பாதை திறந்திருந்தது. மாதக் கடைசியில் திப்புவின் இரு புதல்வர்கள், இருவரும் சிறுவர், பிணையாக ஆங்கிலப் பாசறைக்கு யானைமேல் வந்து சேர்ந்தார்கள். மார்ச்சில் உடன்படிக்கை முடிந்தது: மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம், ராஜ்யத்தில் பாதி.

பாதி என்பதை எப்படி அளப்பது? மைல் கணக்கில் அல்ல, வரி கணக்கில். சுல்தானின் தாலுகா வாரியான வருமானக் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு, இன்ன சீமைக்கு இத்தனை வராகன் என்று கூட்டிக் கழித்து, மூன்று பங்காளிகளுக்கும் சமமாக ஏறக்குறைய 39 லட்சம் ரூபாய் வருமானம் வீதம் பிரித்தார்கள். கும்பினியின் பங்கில் மலபார் வந்தது, திண்டுக்கல் வந்தது, பாராமகால் வந்தது. பாராமகாலுக்குள் கிருஷ்ணகிரி வந்தது. நவம்பர் நிலவில் ஓர் ஏணிகூட நிலைக்காத மதிலுக்குள், ஒரு பேரேட்டின் வரியின் மூலமாக, காயம்படாமல் கும்பினிச் சிப்பாய்கள் நடந்து போனார்கள்.

ஓசூர் மட்டும் திப்புவுக்குத் திரும்பிப் போயிற்று. மேட்டுநிலம் அவருக்கு, கீழ்நிலம் இவர்களுக்கு என்பது பொதுவான ஏற்பாடு. ஆனால் மேட்டில் கால் ஊன்றியிருந்த ராயக்கோட்டையைக் கார்ன்வாலிஸ் விடவில்லை. வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாவியை மடியில் முடிந்துகொண்டவரைப்போல, அவர் அந்த ஒரு பாறையில் கும்பினிக் காவலை நிறுத்தினார். ஏழு ஆண்டு கழித்து அந்தச் சாவி எப்படித் திரும்பியது என்பதைப் பின்னொரு வாரத்தில் விரிவாகக் காண்போம்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். 1784-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், இந்தியாவில் நாடு பிடிப்பதும் ஆதிக்கத்தை விஸ்தரிப்பதும் பிரிட்டிஷ் தேசத்தின் விருப்பத்துக்கும் கௌரவத்துக்கும் கொள்கைக்கும் விரோதமானவை என்று வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கார்ன்வாலிஸ் இங்கே வந்தார். அதே சட்டத்தின் நிழலில்தான் மைசூரில் பாதியை எடுத்தார். அதைவிட ரசமானது, எடுத்த மறு ஆண்டு, 1793-இல், பார்லிமெண்டு அதே அறிவிப்பைப் புதிய சாசனச் சட்டத்தில் மறுபடியும் எழுதிவைத்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு 1898 ஞாபகம் வராமல் இருப்பதில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்பெயினுடன் போருக்குப் போன அமெரிக்கர்கள், கியூபாவைத் தமதாக்கிக்கொள்ளும் நோக்கம் தமக்கில்லை என்று டெல்லர் என்ற செனட்டரின் திருத்தத்தினால் சட்டபூர்வமாகப் பிரகடனம் செய்தார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையில் போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அவர்களுக்கு வந்தன. இரண்டு கோடி டாலருக்குப் பிலிப்பைன் தீவுகள் வந்தன. நடுவில் ஜூலையில் ஹவாயும் சேர்ந்திருந்தது. கார்ன்வாலிஸிடமிருந்து விடுதலை பெற்று, தன் கப்பலுக்கு ஹைதரின் பெயரை வைத்த அதே குடியரசு, நூற்றுப்பதினேழு ஆண்டுகளில் கார்ன்வாலிஸின் பேரேட்டைத் தானும் பிரித்து உட்கார்ந்துவிட்டது. அவர்கள் பிலிப்பினோக்களுடன் போரிட்ட கதை வேறு தொடருக்கு உரியது. நாடு பிடிக்கிறவர்கள் முதலில் 'பிடிக்கமாட்டோம்' என்று எழுதிவைக்கிற வழக்கம் மட்டும் நம் கதைக்கும் உரியது.

அந்த எழுத்தை இரண்டு இடத்திலும் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. எழுதியவர்களில் பலர் மனப்பூர்வமாக நம்பியே எழுதினார்கள். சரக்குச் சாரிக்கு ஒரு பாதை வேண்டும். பாதைக்கு ஒரு காவல் வேண்டும். காவலுக்குச் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்குச் சுற்றுப்புறத்தின் வரி வேண்டும். ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படியைக் காப்பாற்ற மட்டுமே என்று நினைத்துக்கொண்டு ஏறுகிறவனுக்கு, தான் எவ்வளவு உயரம் வந்துவிட்டோம் என்பது கடைசிவரை தெரிவதில்லை.

● ● ●

யுத்தம் முடிந்தது. பாராமகாலை ஆள்வது யார்?

வழக்கப்படி சென்னையின் சிவில் உத்தியோகஸ்தர்கள் வந்திருக்க வேண்டும். கார்ன்வாலிஸ் அவர்களை நம்பவில்லை. இந்த நாட்டுப் பாஷை தெரியாமல், துபாஷிகள் சொல்வதையே வேதமாகக் கொண்டு காலம் தள்ளுகிறார்கள் என்பது அவருடைய கருத்து. ஆகவே சிவில் வேலைக்கு ராணுவத்தாரை நியமித்தார். யானைச் சாரியை அனுப்பிய அதே காப்டன் ரீட் முதல் கலெக்டரானார். அவருக்கு உதவியாளர்களாக மக்ளியோட், கிரஹாம், தாமஸ் மன்றோ என்னும் மூன்று ராணுவ அதிகாரிகள்.

நான் முன்பு குறிப்பிட்ட இரண்டாவது சாட்சி இந்த மன்றோதான். கிளாஸ்கோ நகரத்து வியாபாரியின் மகன். தகப்பனாரின் வியாபாரம் முழுதும் வர்ஜீனியாவோடு, அமெரிக்கக் காலனிகள் கலகம் செய்தபோது அந்த வியாபாரம் மூழ்கியது, குடும்பம் நொடித்தது, பையன் கும்பினிப் படையில் கேடட்டாகச் சேர்ந்து 1780-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தான். அமெரிக்காவில் சேனையை இழந்தவர் கவர்னர் ஜெனரலாகவும், அமெரிக்காவில் சொத்தை இழந்தவரின் மகன் உதவிக் கலெக்டராகவும் பாராமகாலின் கதையில் ஒன்றுசேர்ந்தார்கள். பாதி ராஜ்யத்தைத் திப்புவிடம் விட்டுவைத்த கார்ன்வாலிஸின் நிதானம் இளைஞர் மன்றோவுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அதைக் கிண்டல் செய்திருக்கிறார்.

தர்மபுரியில் மன்றோ குடியேறினார். ரீடும் உதவியாளர்களும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், கர்ணத்தையும் பட்டேலையும் எதிரே உட்காரவைத்து, ஏரிப்பாசனம் எவ்வளவு, கிணற்றுப்பாசனம் எவ்வளவு, மானாவாரி எவ்வளவு, ராகி விளைகிற செம்மண்ணுக்கு என்ன வரி, கொள்ளு விதைக்கிற கல்லாங்காட்டுக்கு என்ன வரி என்று வயல் வயலாகக் கேட்கத் தொடங்கினார்கள். மறைக்கக்கூடிய நிலத்தைக் கர்ணம் மறைத்தார். காட்டிக்கொடுக்க அடுத்த ஊர்க் கர்ணம் வந்தார். பாலாற்றங்கரையிலிருந்து காவேரிக்கரைவரை ஒரு நாடு முதன்முறையாக அங்குலம் அங்குலமாகக் காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

அவ்வாறு அளந்துகொண்டிருந்தபோதே, 1793-இல், கல்கத்தாவிலிருந்து செய்தி வந்தது. வங்காளத்தில் நிலத்தையெல்லாம் ஜமீன்தார்களுக்கு உரியதென்று ஒப்புக்கொண்டு, வரியை எக்காலத்துக்கும் மாறாதபடி நிர்ணயித்துவிட்டார் கார்ன்வாலிஸ். ரீடை இந்த வேலைக்கு வைத்த எஜமானரின் திட்டம் அது. பாராமகாலிலும் அதுவே வரும் என்பது எல்லாருடைய எதிர்பார்ப்பு.

ஆனால் ரீடின் முன்னால் விரிந்து கிடந்த கணக்குகளில் வங்காளத்து ஜமீன்தார்களைப் போன்றவர்கள் தென்படவில்லை. பாளையக்காரர் பலரை ஹைதரும் திப்புவும் முன்பே ஒடுக்கியிருந்தார்கள். மிஞ்சியிருந்தது ஒரு பக்கம் கும்பினி. மறுபக்கம் இரண்டு ஜோடி மாடும் ஒரு கவலைக் கிணறும் வைத்திருக்கிற குடியானவன். நடுவில் எவரும் இல்லை. இல்லாத ஜமீன்தாரை ஏலம் போட்டு உண்டாக்குவதா, அல்லது எஜமானரின் திட்டத்தை மீறி, ஒவ்வொரு குடியானவன் வீட்டு வாசலிலும் கும்பினியே நேராகப் போய் நிற்பதா?

ரீடுக்கும் மன்றோவுக்குமே இதில் ஒரே கருத்து இல்லை. அவர்களில் யாருடைய பேச்சு நின்றது?

(தொடரும்)